மும்பைக்கு 2 மணி நேரத்தில் பறக்கிறோமே... அந்த ரூட்டைத் தொடங்கிய ஜே.ஆர்.டி.டாடா யார்?

குமரி மாவட்டம் கீரிப்பாறையில் இருந்து மும்பைக்கு விமானத்தில் போகணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?

திருவனந்தபுரம் - மும்பை வான்வழித் தூரம் சுமார் 1,250 கி.மீ. ஜெட் விமானத்தில் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஆனா குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ரப்பர் தோட்டங்களைத் தாண்டி நாகர்கோவில் வந்து, அங்கிருந்து சுமார் 65 கி.மீ. போய்த்தான் விமானம் ஏறணும். பஸ்ஸில் போனால், பறக்கும் நேரத்தைவிட இதுக்கே அதிகமாகிடும்.

இந்த மும்பை - திருவனந்தபுரம் விமானத்தை முதலில் இயக்கியது ஜே.ஆர்.டி.டாடாவின் நிறுவனம்.

யார் இந்த ஜே.ஆர்.டி.?

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர். ஆங்கிலக் கால்வாயை முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவின் குடும்பம், இவர்கள் விடுமுறைக்குப் போகும் ஊரில் பக்கத்து வீடு. விமான ஆசை அங்கேதான் தொற்றியது. 1929 பிப்ரவரி 10-ல், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் உரிமம் இவர் கைக்கு வந்தது.

தோற்றும் ஜெயித்தவர்

1930-ல் இந்தியா - இங்கிலாந்து இடையே தனியாகப் பறக்கும் போட்டி. எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியர், ஸ்பார்க் பிளக் இல்லாமல் எகிப்தில் மாட்டிக்கொண்டார். ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்ததைக் கொடுத்து உதவினார். பரிசு ஆஸ்பிக்குப் போனது! பின்னாளில் இந்திய விமானப்படைத் தளபதியானவர் இந்த ஆஸ்பிதான்.

880 கி.மீ. தூரத்துக்கு 7 மணி நேரம் ஏன்?

1932 அக்டோபர் 15. தபால் பைகளோடு கராச்சியில் இருந்து மும்பைக்கு தானே விமானம் ஓட்டி வந்தார் ஜே.ஆர்.டி. நேர்தூரம் சுமார் 880 கி.மீ.தான். ஆனா பெட்ரோல் போட அகமதாபாத்தில் இறங்கியதால் 1,000 கி.மீ. தாண்டிவிட்டது. விமானத்தின் வேகமோ மணிக்கு சுமார் 160 கி.மீ. அதனால்தான் 7 மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு ஓட்டியவர் கூட்டாளி நெவில் வின்சென்ட்.

1935-ல் கோவா, கண்ணூர் வழியாக திருவனந்தபுரம் வரை சேவை நீண்டது. முதல் விமானத்தை ஓட்டி வந்ததும் வின்சென்ட்தான். அப்போ நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அதாவது, நம்ம தலைநகருக்கே விமானம் வந்துவிட்டது.

கைவிட்டுப் போன கம்பெனி

1946-ல் டாடா ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா ஆனது. 1953-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ஜே.ஆர்.டி.க்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் தலைவராகத் தொடர்ந்தார். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்கியது.

1982-ல், 78 வயதில், கராச்சி - மும்பை பாதையில் சின்ன விமானத்தில் மறுபடி தனியாகப் பறந்து காட்டினார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குத் திரும்பியது 2022 ஜனவரியில். அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, நீங்க எப்படிக் கணக்குப் போடணும்?

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை மட்டும் நம்பாதீங்க. வீட்டில் இருந்து திருவனந்தபுரம் போகும் நேரம், செக்-இன் செய்ய 2 மணி நேரம் இரண்டையும் கூட்டுங்க. கீரிப்பாறைக்காரர்களுக்கு மும்பை இன்னும் பாதி நாள் பயணம்தான்.