நம்ம ஜில்லாவின் வீரமகன் சுபேதார் சுப்ரமணியன்



போர் நினைவுச்சின்னம்னா நமக்கு மெட்ராஸ் தீவுத்திடல் பக்கத்துல இருக்கிறதுதான் ஞாபகம் வரும். முதல் உலகப் போர் வெற்றிக்காகக் கட்டினது. பிறகு நடந்த போர்களில் இறந்த வீரர்களையும் சேர்த்து அங்கே நினைவு கூர்கிறார்கள். ஆனால் நம்ம பக்கத்துக்காரர் ஒருத்தர் பெயர் கடல் தாண்டி, இத்தாலி நாட்டுப் போர் நினைவிடத்தில் இருக்கிறது. அவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பிறப்பு

சுப்ரமணியன் 1912-ஆம் ஆண்டு கீழ்ஒட்டிவாக்கம் கிராமத்தில் பிறந்தார். அப்போது அது செங்கல்பட்டு ஜில்லா. நம்ம திருப்புலிவனமும் அந்தக் காலத்தில் அதே ஜில்லாதான். ஏரியும் வயலும் உள்ள நம்ம ஊர் மாதிரி ஊர்ப் பிள்ளைதான் அவரும்.

பட்டாளத்தில் சேர்ந்தது

அவர் சேர்ந்த படைக்குப் பேர் மெட்ராஸ் சேப்பர்ஸ். சேப்பர் என்றால் துப்பாக்கி பிடிக்கிறது மட்டும் வேலை இல்லை. ஆற்றுக்குப் பாலம் கட்டணும், ரோடு போடணும், எதிரி புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுக்கணும். இவங்க முன்னாடி போய் வழி சரி பண்ணினால்தான் மற்றவங்க நடக்க முடியும். இந்தப் படை வீரர்களை ராணுவத்தில் எல்லோரும் செல்லமாகத் தம்பி என்று கூப்பிடுவார்களாம். சுப்ரமணியன் படிப்படியாக உயர்ந்து சுபேதார் ஆனார்.

வீர மரணம்

இரண்டாம் உலகப் போரில் அவர் படை இத்தாலிக்குப் போனது. 1944 பிப்ரவரியில் காசினோ என்ற மலைப் பகுதியில் பெரிய சண்டை. அதற்குத் தெற்கே மிஞானோ என்ற ஊர். பிப்ரவரி 24-ஆம் தேதி அங்கே சுபேதாரின் குழு கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தது. அப்போது ஒரு வெடி கிளம்பிவிட்டது.

அந்த வகை வெடி உடனே வெடிக்காது. சுமார் நாலு வினாடியில் மண்ணுக்குள்ளிருந்து இடுப்பு உயரம் துள்ளி வெடிக்கும். உள்ளே இருக்கும் முன்னூறுக்கும் மேற்பட்ட இரும்புக் குண்டுகள் நாலா பக்கமும் பாயும். பக்கத்தில் நிற்கிறவர் யாரும் தப்ப முடியாது.

நாலு வினாடின்னா எவ்வளவு? நானும் என் தோழியும் எண்ணிப் பார்த்தோம். நாலு எண்றதுக்குள்ள கடைசி பெஞ்சிலிருந்து வகுப்பு வாசல் வரைக்கும் ஓடிடலாம். சுபேதார் ஓடவில்லை. அந்த வெடி மேலேயே பாய்ந்து படுத்துவிட்டார். வெடித்த வேகம் முழுக்க அவர் உடம்போடு நின்றது. அவர் இறந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

பதக்கம்

அதே 1944-ஆம் ஆண்டு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அறிவித்தார்கள். எதிரியை நேருக்கு நேர் சந்தித்துக் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி கண் முன்னால் இல்லாத இடத்தில் உயிரைப் பணயம் வைத்தால் ஜார்ஜ் கிராஸ். இரண்டும் சம மரியாதை உள்ளவை. இரண்டாம் உலகப் போரில் ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் நம்ம சுபேதார்தான்.

என் மனசில் வந்த கேள்வி

இதை எழுதும்போது எங்க வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். அவர் வெள்ளைக்காரன் பட்டாளத்தில்தானே இருந்தார், அவரை ஏன் கொண்டாடணும் என்று. எனக்கு உடனே பதில் வரல. இரண்டு நாள் யோசித்தேன். அந்தச் சண்டை யாருக்காக நடந்தது என்பது வேறு விஷயம். அது அடிமை நாடாக இருந்த காலம். ஆனால் அந்த நாலு வினாடியில் அவர் காப்பாற்றினது ராஜாவை இல்லை, பக்கத்தில் நின்ற ஆட்களை. அவங்களுக்கும் வீட்டில் அம்மா, அப்பா காத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. இதுதான் என் பதில். தப்பு என்றால் தோழி அடுத்த இதழில் எழுதட்டும்.

என் வேண்டுகோள்

நம்ம உத்திரமேரூர் கோயில் கல்வெட்டு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வெட்டினது. குடவோலை முறை பற்றி இன்றைக்கும் படித்துத் தெரிந்துகொள்கிறோம். கல்லில் எழுதினால் பெயர் அழியாது என்று நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். போரில் இறந்த வீரனுக்கு நடுகல் நட்டுக் கும்பிட்டதும் நம்ம தமிழர்தான். நாம் கல் நட முடியாவிட்டாலும், வருஷா வருஷம் பிப்ரவரி 24 அன்று காலைப் பிரார்த்தனையில் அவர் பெயரை ஒரு தடவை வாசிக்கலாம். அதற்கும் நாலு வினாடிதான் ஆகும்.

உங்களுக்குத் தெரியுமா?
★ மெட்ராஸ் சேப்பர்ஸ் 1780-இல் தொடங்கிய படை. தலைமையிடம் பெங்களூரு.
★ இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள்.
★ ஜார்ஜ் கிராஸ் 1940-இல் ஏற்படுத்தப்பட்டது. வெள்ளிச் சிலுவை, நீல ரிப்பன்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
திருப்புலிவனம்.