ஏழைச் சிறார்க்காகப் பாடிய இன்னிசைக் குயில் ஜென்னி லிண்ட்



நம் பள்ளியில் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நெருங்கும்போது ஒரு காட்சியைக் காண்கிறேன். பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற வேண்டும் என்னும் ஆர்வத்தினால் மாணவர் சிலர் காலையும் மாலையும் உரக்கக் கத்திப் பாடுவர். விழா நாளன்றோ அவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அத்தகைய மாணவர்களைக் காணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் சுவீடன் நாட்டில் பிறந்து, உலகப் புகழ் பெற்ற பாடகி ஜென்னி லிண்ட் அம்மையார். அவருடைய வரலாற்றை இங்குச் சுருக்கமாகத் தருகிறேன்.

இளமைப் பருவம்

ஜென்னி லிண்ட் 1820ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தையார் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். குடும்பப் பொறுப்பு அற்றவர். தாயார் வீட்டிலேயே சிறுமியர்க்குப் பள்ளி நடத்திப் பிழைத்து வந்தார். வீட்டில் வறுமையும் பூசலும் மிகுந்திருந்தன. ஆதலால் ஜென்னி தம் குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியைப் பிறர் வீடுகளிலேயே கழிக்க நேர்ந்தது. தனிமையில் வாடிய அச்சிறுமிக்குத் துணையாக இருந்தவை ஒரு பூனையும் பாட்டுமே.

ஒன்பது வயதில் அவர் சன்னலோரம் அமர்ந்து தம் பூனைக்குப் பாடிக் காட்டுவது வழக்கம். தெருவில் செல்வோர் நின்று கேட்டுச் செல்வர். அவர்களுள் ஒருத்தி, அரச நாடக மன்றத்தின் நடன மாது ஒருவரிடம் வேலை செய்து வந்த பணிப்பெண். அவள் தன் தலைவியிடம் சென்று, அக்குழந்தையின் குரலைப்பற்றி வியந்து கூறினாள். தலைவியும் சிறுமியை வரவழைத்துக் கேட்டு வியப்புற்றார். நாடக மன்றத் தலைவரோ, இது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமன்று என்று முதலில் மறுத்துவிட்டார். ஆயினும், ஒருமுறை அவள் பாடக் கேட்டதும் மனம் மாறினார். மன்றத்தின் செலவிலேயே உணவும் உடையும் கல்வியும் இசைப்பயிற்சியும் ஜென்னிக்குக் கிடைத்தன.

இங்கு நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் குரலின் அருமையை முதலில் உணர்ந்தவர் இசைப் புலவர் அல்லர், செல்வரும் அல்லர். வீட்டு வேலை செய்து பிழைத்த ஓர் ஏழைப்பெண். கேட்டதோடு நில்லாமல், சொல்ல வேண்டிய இடத்தில் அவள் சொன்னதனால்தான் உலகம் ஒரு பாடகியைப் பெற்றது.

குரலுக்கு வந்த சோதனை

மேலைநாட்டில் 'ஓப்பரா' என்னும் இசைநாடகம் உண்டு. நம் பழைய மேடை நாடகங்களில் நடிகர்கள் பாடியே நடித்ததைப் போல, அதிலும் கதை பெரும்பாலும் பாட்டாலேயே நடத்தப்பெறும். பெண்குரல்களில் மிக உயர்ந்து ஒலிப்பதனைச் 'சொப்ரானோ' என்பர். ஜென்னியின் குரல் அவ்வகையைச் சேர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், பல இசைக்கருவிகள் ஒருங்கே முழங்க, அவற்றையும் கடந்து கடைசி வரிசையில் இருப்போர் செவிக்கும் எட்டுமாறு பாட வேண்டும். அஃது எளிய செயலன்று.

1838ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், தம் பதினேழாம் வயதில், வேபர் இயற்றிய இசைநாடகம் ஒன்றில் தலைமைப் பாத்திரம் ஏற்று அவர் பாடினார். ஒரே இரவில் ஊரெங்கும் புகழ் பரவியது. அந்நாளை அவர் வாழ்நாள் முழுதும் தம் இரண்டாம் பிறந்தநாளாகப் போற்றினார். இருபது வயதிலேயே அரசவைப் பாடகியுமானார்.

ஆனால், ஓய்வின்றி இரவு தோறும் பாடியதாலும், குரலை முறையாகப் பேணும் வழியை அறியாததாலும் அவருடைய குரல் கரகரத்துச் சோர்ந்தது. 1841ஆம் ஆண்டில் அவர் பாரிசுக்குச் சென்று, மானுவேல் கார்சியா என்னும் பேராசானை நாடினார். அவர்முன் பாடத் தொடங்கியவர் இடையிலேயே தடுமாறி நின்றார். குரல் கெட்டுவிட்டது என்று ஆசான் கூறியபோது ஜென்னி கண்ணீர் வடித்தார். எனினும், கார்சியா அவரை முற்றிலும் கைவிடவில்லை. சில வாரங்கள் பாடவே கூடாது; பேசுவதையும் குறைக்க வேண்டும்; அதன்பின் வந்தால் பார்க்கலாம் என்று ஆணையிட்டார்.

நாடு போற்றிய பாடகி வாய்மூடி இருந்தார். காலக்கெடு முடிந்ததும் மீண்டும் சென்றார். குரல் ஓரளவு தேறியிருந்தது. பிறகு ஏறத்தாழப் பத்து மாதங்கள், தொடக்கநிலை மாணவியைப் போல ஏறுவரிசை இறங்குவரிசைகளை மெல்லப் பாடுவதிலிருந்து மூச்சை எடுக்கும் முறை வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றார். புகழ் பெற்றபின் மீண்டும் அரிச்சுவடியைத் தொடங்குவதற்கு எத்துணை அடக்கம் வேண்டும்! முன்னைவிட இனிமையும் வலிமையும் பெற்ற குரலோடு 1842ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார்.

நாடுகள் போற்றிய புகழ்

அதன்பின் அவர் புகழ் நாடு நாடாகப் பரவியது. டென்மார்க்கில் அவர் பாடியதைக் கேட்டு உள்ளம் உருகியவருள், குழந்தைக் கதைகளால் பெயர்பெற்ற ஆண்டர்சனும் ஒருவர். அவர் எழுதிய 'நைட்டிங்கேல்' என்னும் பறவையின் கதைக்கு ஜென்னியின் குரலே தூண்டுகோல் என்பர். 1844இல் பெர்லினிலும், 1845இல் லைப்சிக்கிலும், 1846இல் வியன்னாவிலும் அவர் பாடினார். இசைமேதை மெண்டல்சோன் அவருடைய நண்பரானார். 1847ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் இலண்டனில் அவர் முதன்முதலாகப் பாடியபோது விக்டோரியா அரசியாரும் வந்து கேட்டார்.

அதே ஆண்டில் மெண்டல்சோன் காலமானார். அவர் நினைவாக 1848இல் இலண்டனில் ஜென்னி ஒரு கச்சேரியில் பாடினார். அதில் திரண்ட ஏறத்தாழ 1,000 பவுனைக் கொண்டு, இளம் இசை மாணவர்க்கான உதவிநிதி உருவாயிற்று. 1856இல் அதனை முதலில் பெற்ற பதினான்கு வயதுச் சிறுவனே, பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவன். நார்விச் நகரில் அவர் பாடி ஈட்டிய பணத்தால் 1854இல் குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்று எழுந்தது.

புகழின் உச்சியில் இருந்தபோதே, 1849ஆம் ஆண்டு மே 10ஆம் நாளோடு, இருபத்தெட்டாம் வயதில் அவர் நாடக மேடையைத் துறந்தார். மேடை வாழ்க்கையின் ஆரவாரம் அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. பின்னர்க் கச்சேரிகளில் மட்டுமே பாடினார்.

அமெரிக்கப் பயணம்

அமெரிக்கக் காட்சித் தொழிலில் பெயர்பெற்ற பார்னம் என்பவர், ஜென்னியின் பாட்டை ஒருமுறையேனும் கேளாமலேயே அவரை அழைத்தார். கச்சேரி ஒன்றுக்கு 1,000 டாலர். மொத்தம் 150 கச்சேரிகள். பேச்சை மட்டும் நம்பி ஜென்னி கப்பலேறவில்லை. 1,87,500 டாலரை முன்கூட்டியே இலண்டன் வங்கியில் கட்ட வேண்டும் என்று உறுதியாகக் கேட்டார். பார்னம் பல இடங்களில் கடன் வாங்கிக் கட்டினார்.

1850ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் கப்பல் நியூயார்க்கை அடைந்தபோது, பல்லாயிரம் மக்கள் துறைமுகத்தில் திரண்டிருந்தனர். நுழைவுச் சீட்டுகள் ஏலம் விடப்பட்டன. முதல் சீட்டைத் தொப்பி வணிகர் ஒருவர் 225 டாலருக்கு எடுத்தார். நியூயார்க்கின் முதற் கச்சேரிகளில் தமக்குக் கிடைத்த பங்கை ஜென்னி அந்நகரின் அறநிலையங்களுக்கே வழங்கினார்.

பார்னமின் அளவிறந்த விளம்பரம் அவருக்கு வருத்தம் தந்தது. 1851இல் ஒப்பந்த விதிப்படியே அவரைவிட்டுப் பிரிந்து, தாமே கச்சேரிகளை நடத்தினார். அமெரிக்காவில் அவர் ஈட்டியது ஏறத்தாழ 3,50,000 டாலர். அதன் பெரும்பகுதியை அறச்செயல்களுக்கே அளித்தார். அவற்றுள் தலையாயது, தம் தாய்நாட்டு ஏழைக் குழந்தைகள் கட்டணமின்றிக் கற்பதற்கான பள்ளிகளுக்கு அவர் வைத்த நிதி. இளமையில் தமக்குக் கிடைத்த இலவசக் கல்வியை அவர் மறக்கவில்லை.

இறுதிக் காலம்

1852இல் பியானோக் கலைஞர் ஆட்டோ கோல்ட்சுமிட்டை மணந்து, மூன்று மக்களுக்குத் தாயானார். பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார். 1883இல் தொடங்கிய இலண்டன் அரச இசைக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டில் மால்வெர்னில், இரயில்வே தொழிலாளர் உதவிநிதிக்காகப் பாடியதே பொதுமேடையில் அவர் கடைசியாகப் பாடியது. அரசியார் கேட்ட குரல் இறுதியில் தொழிலாளர்க்காக ஒலித்து ஓய்ந்தது. 1887ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். 1894இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. சுவீடன் அரசு வங்கியும் 1996இல் வெளியிட்ட 50 குரோனர் தாளில் அவர் உருவத்தைப் பொறித்துச் சிறப்பித்தது.

அவர் குரலைத் தாங்கிய இசைத்தட்டு ஒன்றேனும் இன்று இல்லை. பாட்டு காற்றோடு கலந்துவிட்டது; பாடிச் சேர்த்த பொருளால் கற்ற குழந்தைகளின் வாழ்வே எஞ்சியது.

மாணவர்களே! உங்களிடம் உள்ள திறமையைப் பொறுமையோடு பேணுங்கள். ஆசான் ஓய்வெடு என்றால் ஓய்வெடுங்கள்; முதலிலிருந்து தொடங்கு என்றால் நாணாமல் தொடங்குங்கள். பெற்றோர்களே! வேலை முடிந்து களைப்போடு வீடு திரும்பும் வேளையில், உங்கள் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ பாடுவது காதில் விழுந்தால், சற்று நின்று கேளுங்கள். நன்றாக இருந்தால் பள்ளிக்கு வந்து ஒரு சொல் சொல்லுங்கள். ஸ்டாக்ஹோமில் அந்தப் பணிப்பெண் செய்ததும் அவ்வளவுதான்.