'நாம்' என்று சொன்ன பாதிரியார்



கொடை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பசித்தவருக்குச் சோறு, இல்லாதவருக்குச் சட்டை, உண்டியலில் போடும் காசு. எல்லாமே நல்ல கொடைதான். ஆனால், கையில் இருக்கும் பொருளைக் கொடுப்பதோடு நிற்காமல், தன்னையே கொடுத்துவிட்டார் ஒருவர். ஊரும் உறவும் ஒதுக்கிய மக்களோடு 16 ஆண்டுகள் வாழ்ந்து, அவர்களுக்கு வந்த நோயையே தானும் பெற்று மறைந்தார். அவர்தான் டேமியன் பாதிரியார்.

அண்ணனுக்குப் பதில் தம்பி

பெல்ஜியம் நாட்டில் டிரெமலோ என்று ஒரு கிராமம். அங்கே 1840ம் ஆண்டு ஜனவரி 3ம் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் ஏழாவது குழந்தையாகப் பிறந்தார் டேமியன். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப். குடும்பப் பெயர் டி வூஸ்டர்.

ஜோசப் நல்ல வலுவான பையன். வயல் வேலைக்கு அஞ்ச மாட்டான். அப்பா தானிய வியாபாரமும் செய்துவந்தார். மகன் அதைப் பார்த்துக்கொள்வான் என்பது அவருடைய எண்ணம். ஆனால், ஜோசப்பின் அண்ணன் ஏற்கெனவே லூவன் நகரில் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்திருந்தார். தம்பிக்கும் அதே ஆசை வந்தது. 1859ல் அவரும் அந்த மடத்தில் சேர்ந்தார். டேமியன் என்ற பெயர் அங்கே கிடைத்ததுதான்.

அங்கே ஒரு சிக்கல். டேமியனுக்குப் பள்ளிப் படிப்பு போதாது. குருவாக முடியாது, மடத்தில் எடுபிடி வேலைகள் செய்யும் சகோதரராக இருக்கட்டும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அவர் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. ஓய்வு நேரத்தில் அண்ணனிடம் லத்தீன் மொழி கற்றுக்கொண்டார். அவருடைய விடாமுயற்சியைப் பார்த்த பெரியவர்கள் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டு, அவரைக் குருத்துவப் படிப்பில் சேர்த்தார்கள்.

1863ல் அண்ணனை ஹவாய்த் தீவுகளுக்கு இறைப்பணிக்கு அனுப்பச் சபை முடிவு செய்தது. அந்த நேரம் பார்த்து லூவனில் டைபஸ் காய்ச்சல் பரவியது. நோயாளிகளைக் கவனித்துவந்த அண்ணன், தானும் காய்ச்சலில் விழுந்தார். பயணம் நின்றுபோகும் நிலை. டேமியன் என்ன செய்தார் தெரியுமா? அண்ணனுக்குப் பதிலாகத் தன்னை அனுப்பும்படி, பாரிஸில் இருந்த சபைத் தலைவருக்கு நேராகக் கடிதம் எழுதிவிட்டார். படிப்பு முடியாத மாணவன் இப்படிக் கேட்பது வழக்கமே இல்லை. ஆனாலும் அனுமதி கிடைத்தது.

பல மாதக் கப்பல் பயணம். 1864ம் ஆண்டு மார்ச் 19ம் தேதி ஹொனலுலு துறைமுகத்தில் இறங்கினார். மே மாதம் அங்கேயே குருவானார். அதன்பிறகு அவர் பிறந்த மண்ணைப் பார்க்கவே இல்லை.

ஹவாய் இன்று அமெரிக்காவின் ஒரு மாநிலம். அன்று அது அரசர் ஆண்ட தனி நாடு. டேமியன் அந்த மக்களின் மொழியைக் கற்றார். மலைப்பாதைகளில் நடந்தும் குதிரையில் ஏறியும் ஊர் ஊராகப் போனார். சிறு சிறு ஆலயங்களைத் தன் கையாலேயே கட்டினார். இப்படி ஒன்பது ஆண்டுகள் ஓடின.

கடலும் மலையும் அடைத்த ஊர்

அந்தக் காலத்தில் ஹவாய் மக்களைப் பெரிதும் பயமுறுத்திய நோய் தொழுநோய். அதற்கு அப்போது மருந்து கிடையாது. நோய் பரவாமல் தடுக்க, 1865ல் அரசு ஒரு சட்டம் போட்டது. நோய் கண்டவர்களைப் பிரித்துத் தனி இடத்துக்கு அனுப்பிவிடுவது என்பதுதான் அந்தச் சட்டம்.

அந்தத் தனி இடம், மொலக்காய் தீவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்துண்டு. மூன்று பக்கமும் கடல். நான்காவது பக்கம் 2,000 அடி உயரத்தில் சுவர் போல நிற்கும் மலை. கம்பி வேலியே தேவையில்லை! 1866ம் ஆண்டு ஜனவரியில் முதல் நோயாளிகளைக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். தாயிடமிருந்து பிள்ளையையும், கணவனிடமிருந்து மனைவியையும் பிரித்தார்கள். போனவர்கள் திரும்பி வருவதில்லை.

அவர்களே பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசு கணக்குப் போட்டது. விரல் மடங்கிப்போனவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள்? குச்சிகளையும் புல்லையும் வைத்துக் கட்டிய குடிசைகளில் மழையிலும் குளிரிலும் கிடந்தார்கள். தண்ணீரைத் தொலைவிலிருந்து சுமந்துவர வேண்டும். இறந்தவரை அடக்கம் செய்யச் சவப்பெட்டிகூட இல்லை. எப்படியும் சாகத்தானே போகிறோம் என்ற விரக்தியில், சிலர் குடித்துச் சண்டையிட்டார்கள்.

அங்கே ஒரு பாதிரியாராவது இருக்க வேண்டும் என்று ஆயர் விரும்பினார். ஆனால், யாரையும் போ என்று கட்டளையிட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு இளம் குருக்கள் தாங்களே முன்வந்தார்கள். ஆளுக்குச் சில வாரங்கள் என முறை போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முதல் முறை டேமியனுக்கு. 1873ம் ஆண்டு மே 10ம் தேதி, அவர் அங்கே கரை இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33.

தங்க வீடு இல்லை. ஆலயத்துக்குப் பக்கத்தில் இருந்த தாழை மரத்தின் அடியில் படுத்துக்கொண்டார். சில நாட்களிலேயே, இங்கேயே தங்கிவிட அனுமதி வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். முறை போட்டுக்கொள்ளும் பேச்சு அதோடு முடிந்தது.

அவரும் நம்மைப் போன்ற மனிதர்தான். நோயாளிகளின் குடிசைக்குள் புண்ணின் நாற்றம் தாங்காமல், வெளியே ஓடிவந்து மூச்சு வாங்கிய நாட்கள் உண்டு. ஆனால், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போனார். அதுதான் பெரிய விஷயம்.

ஒரே பாத்திரத்தில் சாப்பாடு

ஹவாய் மக்களின் அன்றாட உணவு 'போய்'. சேப்பங்கிழங்கை வேகவைத்து மசித்துச் செய்யும் கூழ் போன்றது. ஒரே பாத்திரத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, விரலால் தொட்டுச் சாப்பிடுவார்கள். டேமியனும் அவர்களோடு உட்கார்ந்து, அதே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிட்டார். அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். தொடப் பயந்து உலகம் விலகி நின்றபோது, அவர் தொட்டார்.

1874ல் ஒரு பெரும் புயல் அடித்துக் குடிசைகள் பல விழுந்தன. டேமியன் அரசிடம் மரப்பலகைகள் கேட்டுப் பெற்றார். சுத்தியலைத் தன் கையில் எடுத்தார். அதோடு நிற்கவில்லை. முடிந்த நோயாளிகள் கையிலும் சுத்தியலைக் கொடுத்தார்! எல்லோரும் சேர்ந்து வீடு கட்டினார்கள். குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தோட்டம் போட்டார்கள். பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கு விடுதிகள் எழுந்தன.

கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்று அவர் பிரிக்கவில்லை. நம்மால் ஒன்றும் ஆகாது என்று கிடந்தவர்களுக்கு, உங்களாலும் முடியும் என்று காட்டினார். எனக்கு டேமியனின் வேலைகளிலேயே மிகப் பெரியதாகத் தோன்றுவது இதுதான்.

சவப்பெட்டிகள் செய்ததும் அவரே. நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார். இறந்தவர் யாராக இருந்தாலும் மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஊரில் ஒரு பாண்டு வாத்தியக் குழு உருவாயிற்று. பாடகர் குழுவும் இருந்தது. ஆர்கன் என்ற இசைக்கருவியை வாசிக்கப் பத்து விரல் வேண்டுமே? இரண்டு நோயாளிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருக்கும் மிஞ்சியிருந்த விரல்களைச் சேர்த்து ஒரே ஆர்கனை வாசித்தார்களாம்! ஒற்றுமைக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு உண்டா?

டேமியன் கத்தோலிக்கர். அங்கே வேறு கிறிஸ்தவ சபையினரும் இருந்தார்கள். அவர்களில் ஜோனத்தன் நபேலா என்பவர் மார்மன் சபையைச் சேர்ந்தவர். மனைவிக்கு நோய் வந்ததும், நோயில்லாத அவர் மனைவியைத் தனியே விட மறுத்துக் கூடவே வந்து தங்கினார். பிறகு அவருக்கும் நோய் தொற்றி, 1879ல் இறந்தார். டேமியனும் நபேலாவும் நண்பர்களாகச் சேர்ந்து உழைத்தார்கள். லண்டனில் இருந்த ஓர் ஆங்கிலிக்கன் குரு, டேமியனின் பணிக்காக நிதி திரட்டி அனுப்பினார். சபைகளுக்குள் போட்டியும் பூசலும் இருந்த காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

குறையே இல்லாதவரா டேமியன்? இல்லை. அவருக்குச் சட்டென்று கோபம் வரும். பிடிவாதம் அதிகம். பலகை வேண்டும், துணி வேண்டும், மருந்து வேண்டும் என்று ஓயாமல் கேட்டு அதிகாரிகளைத் திணறடித்தார். உடன் வேலை செய்ய வந்த குருக்களோடும் மனத்தாங்கல் வந்தது. குறைகள் உள்ள மனிதர்தான் இவ்வளவும் செய்தார்.

தனிமையும் அவரை வாட்டியது. ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தார். ஆனால், அவர் கரையில் இறங்கக் கூடாது, டேமியன் கப்பலில் ஏறவும் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். டேமியன் படகில் நின்றபடி, மேலே கப்பலில் இருந்த தலைவரிடம் உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதாவது, குருவிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டிய தன் தவறுகளை, எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியதாயிற்று!

சுடாத வெந்நீர்

1884ம் ஆண்டு டிசம்பர் மாதம். களைத்துப் போயிருந்த டேமியன் வெந்நீரில் காலை வைத்தார். தோல் கொப்பளித்துவிட்டது. ஆனால், சூடு தெரியவில்லை! தொழுநோய் நரம்புகளைத் தாக்கும்போது உணர்ச்சி மறைந்துபோகும். அவருக்குப் புரிந்துவிட்டது. மருத்துவர்களும் உறுதி செய்தார்கள்.

வந்த புதிதிலேயே, பிரசங்கத்தில் மக்களை 'நீங்கள்' என்று சொல்லாமல், தன்னையும் சேர்த்து 'தொழுநோயாளிகளாகிய நாம்' என்று பேசுவதாக அவர் அண்ணனுக்கு எழுதியிருந்தார். உடம்பில் எந்த நோயும் இல்லாதபோது சொன்ன சொல் அது. இப்போது அது அப்படியே உண்மையாகிவிட்டது.

அவர் படுத்துவிடவில்லை. முன்னைவிட வேகமாக வேலை செய்தார். 1886ல் ஜோசப் டட்டன் என்ற அமெரிக்கர் உதவிக்கு வந்தார். இவர் முன்னாள் போர்வீரர். 1888ல் மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரீ, துணைக்குச் சில சகோதரிகளோடு வந்து சேர்ந்தார். தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது என்ற நிம்மதியோடு, 1889ம் ஆண்டு ஏப்ரல் 15ம் தேதி டேமியன் கண்மூடினார். வயது 49. முதல் நாட்களில் எந்தத் தாழை மரத்தடியில் படுத்துத் தூங்கினாரோ, அதே மரத்தடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் மறைந்த அடுத்த மாதம், 'புதையல் தீவு' கதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அந்த ஊருக்கு வந்தார். பிறகு ஒருவர் டேமியனைக் குறைகூறி எழுதியபோது, 1890ல் அதற்குச் சூடான பதில் எழுதினார்.

டட்டன் 1931ல் இறக்கும் வரை சுமார் 44 ஆண்டுகள் அங்கே தொண்டு செய்தார். டேமியனின் உடல் 1936ல் பெல்ஜியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மொலக்காய் மக்களுக்கு இது பெரிய வருத்தம். 1995ல் அவருடைய வலது கை மட்டும் அங்கே திரும்பி வந்து, பழைய கல்லறையில் வைக்கப்பட்டது. புண்களுக்குக் கட்டுப் போட்ட கை அல்லவா அது! 2009ம் ஆண்டு அக்டோபர் 11ம் தேதி, போப் 16ம் பெனடிக்ட் டேமியனைப் புனிதராக அறிவித்தார்.

செல்லங்களே, ஒரு வியப்பு பாருங்கள். டேமியன் மொலக்காய் போன அதே 1873ல்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். 1940களில் நல்ல மருந்து வந்தது. 1969ல் ஹவாயில் பிரித்துவைக்கும் சட்டம் நீங்கியது. இன்று கூட்டு மருந்து சிகிச்சையால் தொழுநோயை முழுமையாகக் குணப்படுத்தலாம். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊனமும் வராது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஒதுக்கிவைக்கும் பழக்கத்துக்கோ மாத்திரை கிடையாது. அதற்கான மருந்து உங்களிடம்தான் இருக்கிறது. திக்கிப் பேசுகிறான் என்று யாரும் சேர்க்காத பையன், கிழிந்த சீருடையோடு வரும் பெண், மதிப்பெண் குறைந்ததால் தன்னை எதற்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொள்ளும் தோழன் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவர்களுக்குப் பழைய பென்சில் கொடுப்பது நல்லது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, 'வா, நாம் சாப்பிடலாம்' என்பது அதைவிட நல்லது.

திங்கள்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.