பெட்ரோல் பங்க்கே இல்லாத காலத்தில் 100 கி.மீ. லாங் டிரைவ்: யார் இந்த பெர்த்தா பென்ஸ்?

தென்மேற்கு ஜெர்மனியில் ஒரு சுற்றுச் சாலை இருக்கிறது. மான்ஹைம் நகரில் தொடங்கி, ஹைடல்பெர்க் வழியாக போர்ட்ஸ்ஹைம் வரை போய், வேறு வழியாக மான்ஹைமுக்கே திரும்பும். மொத்தம் சுமார் 194 கிலோமீட்டர். நெக்கர் ஆறு, திராட்சைத் தோட்டங்கள், ஓட்டு வீடுகள் நிறைந்த சின்னச் சின்ன ஊர்கள் என வழி முழுக்கப் பார்க்க அழகாக இருக்கும். விண்டேஜ் கார் பிரியர்கள் தங்கள் பழைய வண்டிகளைத் துடைத்து எடுத்துவந்து, இந்தச் சாலையில் வரிசையாக ஓட்டிப் பார்ப்பார்கள். வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு பழைய மருந்துக்கடை முன்னால் நிறுத்தி போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள்.

மருந்துக்கடையில் என்ன விசேஷம்? 1888-ல் ஒரு பெண் தன் காருக்கு எரிபொருள் வாங்கிய இடம் அது. அந்தச் சாலைக்கே இப்போது அவர் பெயர்தான்: பெர்த்தா பென்ஸ் நினைவுச் சாலை.

இன்று அது ஜாலி டிரைவ். அன்று அப்படி இல்லை. தன் கையிலிருந்த பணம், கணவரின் பல வருட உழைப்பு, குடும்பத்தின் எதிர்காலம் எல்லாவற்றையும் ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் அவர் கிளம்பினார்.

சீதனப் பணத்தில் பிழைத்த பட்டறை

பெர்த்தா ரிங்கர் 1849 மே 3-ம் தேதி போர்ட்ஸ்ஹைமில் பிறந்தார். அப்பா கட்டடத் தொழில் செய்த தச்சர், வசதியான குடும்பம். மகள் பிறந்ததை வீட்டு பைபிளில் எழுதிவைத்த அப்பா, இந்த முறையும் பெண் குழந்தைதானா என்ற வருத்தத்தையும் சேர்த்தே எழுதியதாகச் சொல்லப்படுகிறது.

அந்தப் பெண்தான் பின்னாளில் கார்ல் பென்ஸ் என்ற இன்ஜினீயரின் கனவுக்குப் பணம் போட்டார். 1871-ல் கார்ல் மான்ஹைமில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து இயந்திரப் பட்டறை தொடங்கினார். கூட்டாளி சரியில்லை, பட்டறை மூழ்கும் நிலை. அப்போது இருவருக்கும் நிச்சயம் ஆகியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. பெர்த்தா தன் சீதனப் பணத்தை முன்கூட்டியே வாங்கி, அந்தக் கூட்டாளியின் பங்கை கார்ல் வாங்க உதவினார்.

இங்கேதான் ஒரு சிக்கல். 1872 ஜூலையில் திருமணம் நடந்தது. அன்றைய சட்டப்படி, திருமணமான பெண் தன் பெயரில் முதலீட்டாளராகச் செயல்பட முடியாது. பணம் போட்டது அவர்தான். ஆனால் தாலி கட்டாத அந்த ஊர்க் கல்யாணத்திலும், கையெழுத்து போடும் உரிமை கணவருக்குப் போய்விட்டது.

வண்டி ஓடுது, ஆனா யாரும் வாங்கலை

அடுத்த பத்து வருடமும் கஷ்டம்தான். 1879-ம் ஆண்டின் கடைசி இரவில்தான் கார்லின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் முதன்முறையாக ஒழுங்காக ஓடியது. 1883-ல் புதிய கூட்டாளிகளோடு பென்ஸ் அண்ட் கம்பெனி உருவானது. 1886 ஜனவரி 29-ல் மோட்டார் வண்டிக்கான காப்புரிமைக்கு கார்ல் விண்ணப்பித்தார். எண் 37435. அந்த ஆவணத்தில் பெர்த்தாவின் பெயர் இல்லை.

உலகமே திரும்பிப் பார்த்திருக்கும்னு நினைப்போம். நடந்தது வேறு. குதிரை இல்லாமல் சத்தம் போட்டு வரும் வண்டியைப் பார்த்து மக்கள் மிரண்டார்கள். பணம் கொடுத்து வாங்க ஆள் வரவில்லை. கார்லோ இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாம், இன்னும் கொஞ்சம் மாற்றலாம் என்றே இருந்தார். விற்பனை அவருக்கு வராத வேலை.

அம்மா வீட்டுக்கு ஒரு பயணம்

1888 ஆகஸ்ட். பள்ளி விடுமுறைக் காலம். பெர்த்தாவுக்கு வயது 39. ஒருநாள் அதிகாலையில், 15 வயது ஆய்கன், 13 வயது ரிச்சர்ட் என்ற இரு மகன்களோடு பட்டறையிலிருந்து வண்டியை எடுத்தார். போக வேண்டிய இடம் போர்ட்ஸ்ஹைம், அம்மா வீடு. சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல். கணவரிடம் சொல்லவில்லை. அதிகாரிகளிடம் அனுமதியும் வாங்கவில்லை.

அதுவரை இந்த வண்டி ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஓடியிருந்தது. வழியில் இருந்ததெல்லாம் குதிரை வண்டிக்கான மண் சாலைகள். வழிகாட்டிப் பலகையோ, மெக்கானிக்கோ கிடையாது.

வழியில் என்னென்ன ரிப்பேர்?

எரிபொருள்: வண்டியில் தனி டேங்க் இல்லை. கார்புரேட்டரில் சுமார் 4.5 லிட்டர்தான் பிடிக்கும். லிக்ராயின் என்ற பெட்ரோலிய திரவத்தில் இன்ஜின் ஓடும். துணிக் கறை நீக்க அதை மருந்துக்கடைகளில் விற்பார்கள். வீஸ்லோக் கடையில் பெர்த்தா வாங்கியது அதைத்தான். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடை இன்று பெருமைப்பட்டுக்கொள்வது இதனால்தான்.

தண்ணீர்: இன்ஜின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கிணறு, ஓடை என்று கிடைத்த இடத்திலெல்லாம் நிரப்பினார்கள்.

அடைப்பு: எரிபொருள் குழாய் அடைத்தபோது, தொப்பியில் குத்தியிருந்த நீள ஊசியால் குத்திச் சரிசெய்தார். இக்னிஷன் வயர் உரசி தேய்ந்தபோது, காலுறையைப் பிடித்து நிறுத்தும் எலாஸ்டிக் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் ஆக்கினார்.

செயின்: நீண்டு தொளதொளத்துப்போன செயினை வழியில் ஒரு கொல்லர் சரிசெய்து கொடுத்தார்.

பிரேக்: மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. செருப்பு தைப்பவர் ஒருவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங் என்ற யோசனை அங்கே பிறந்தது.

மேடு: சுமார் இரண்டரை குதிரைத்திறன் இன்ஜின், இரண்டே கியர். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இருட்டும் நேரத்தில் போர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்தார்கள். கணவருக்குத் தந்தி போனது. சில நாள் கழித்து, வேறு வழியாக அதே வண்டியில் வீடு திரும்பினார்கள்.

அதனால் என்ன மாறியது?

இன்றைய பாஷையில் சொன்னால் இது ஒரு ரோடு டெஸ்ட். எங்கே அடைக்குது, எது தேயுது, எங்கே திணறுது என்று பெர்த்தா ஒரு பட்டியலோடு வந்தார். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்ற அவர் யோசனையை கார்ல் ஏற்று, பின்னர் வண்டியில் சேர்த்தார். வழியெல்லாம் வண்டியைப் பார்த்தவர்கள் மூலம் செய்தியும் பரவியது. அடுத்த மாதமே மியூனிக் கண்காட்சியில் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

உடனே விற்பனை கொட்டிவிடவில்லை. 1894-ல் வந்த சின்ன வண்டியான வெலோ மாடல் சுமார் 1,200 விற்றது. 1899-ல் மட்டும் 572 வண்டிகள் தயாரித்து, அன்றைக்கு உலகின் மிகப் பெரிய கார் கம்பெனியாக பென்ஸ் நின்றது.

ஆற்றங்கரை ஊரில் கடைசிக் காலம்

1903-ல் கார்ல் கம்பெனியின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகினார். குடும்பம் நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள லாடன்பர்க் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது. அக்கரையில் உள்ள நெக்கர்ஹவுசனுக்குப் போக இங்கே ஒரு பழைய படகுத்துறை உண்டு. கார்களையும் ஏற்றிப்போகும் என்பதால், விண்டேஜ் வண்டிகளோடு வருகிறவர்களுக்கு அது ஒரு ஸ்பெஷல் ஸ்பாட். பென்ஸ் குடும்பத்தின் பழைய தொழிற்சாலை இப்போது கார் மியூசியம்.

பழைய கார்கள் கூடும் வழக்கத்தை இந்தத் தம்பதி உயிரோடு இருக்கும்போதே பார்த்தார்கள். 1925-ல் மியூனிக்கில் நடந்த பழைய கார் அணிவகுப்பில், 80 வயது கார்ல் தன் முதல் வண்டியோடு கலந்துகொண்டார். அதே ஆண்டு வெளியான தன் வாழ்க்கை வரலாற்று நூலில் மனைவியின் பயணத்தையும் பதிவுசெய்தார். 1929 மார்ச் இறுதியில், அவருக்கு மரியாதை செலுத்த நூற்றுக்கணக்கான கார்கள் லாடன்பர்க் வந்தன. சில நாட்களில், ஏப்ரல் 4-ல் அவர் காலமானார்.

அங்கீகாரம் எப்போது வந்தது?

ரொம்ப லேட். கார்லுக்கு 1914-லேயே கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த கார்ல்ஸ்ருஹே தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், பெர்த்தாவுக்கு கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது 1944 மே 3-ல், அவருடைய 95-வது பிறந்தநாளில். இரண்டே நாளில், மே 5-ல், லாடன்பர்க் வீட்டில் அவர் இறந்துபோனார்.

நினைவுச் சாலைக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது 2008-ல். பயணம் நடந்து சரியாக 120 வருடம் கழித்து. அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்தது 2016-ல்.

காப்புரிமைத் தாளில் அவர் பெயர் இல்லை. ஆனால் அந்த 194 கிலோமீட்டர் சாலையில், ஊருக்கு ஊர் நிற்கும் வழிகாட்டிப் பலகைகளில் இருப்பது அவர் பெயர்தான்.