சீமைப் படிப்பும் சில்லறைக் கணக்கும்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அன்னாரின் அரசியல் வாழ்வைப் பற்றிக் கற்றறிந்த பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைக்காரனாகிய அடியேன் இங்கே எழுத எடுத்துக்கொண்டது, அவர் 18 வயதில் சீமைக்குப் படிக்கப் போய் அங்கே காசை எப்படிச் செலவழித்தார், எப்படிச் சேமித்தார் என்னும் செய்தியை மட்டுமே. பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் தகப்பன்மார் நம்மில் பலர் இருப்பதால் இது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

அவர் 1869 அக்டோபர் 2-ல் கத்தியவாரில் உள்ள போர்பந்தர் பட்டினத்தில் பிறந்தார். சாதியில் வணிகர், ஆனால் தகப்பனார் கரம்சந்த் செய்த உத்தியோகம் சமஸ்தானத் திவான் வேலை. தகப்பனார் 1885-ல் காலமாகிவிட்டார். பெயர் பெரிதாக இருந்ததே தவிர, வீட்டில் ரொக்கம் அதிகம் இல்லை. 1888-ல் பவநகர் கல்லூரியில் சேர்ந்த மோகன்தாஸுக்குப் பாடம் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தவணை முடிந்ததும் வீடு திரும்பினார். அப்போது குடும்ப நண்பரான மாவ்ஜி தவே என்பவர், பையனைச் சீமைக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்குங்கள், 3 வருஷத்தில் முடிந்துவிடும், 4,000 அல்லது 5,000 ரூபாய்க்கு மேல் ஆகாது என்று யோசனை சொன்னார்.

அந்தக் காலத்து 5,000 ரூபாயை இன்றைய நோட்டுகளோடு ஒப்பிட வேண்டாம். சமஸ்தானத்து உதவி கேட்பதற்காகப் பையன் மாட்டு வண்டியிலும், பிறகு வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒட்டகத்திலும் ஏறிப் போர்பந்தர் போனார். அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி, முதலில் பட்டம் வாங்கிவிட்டு வா என்று மாடிப்படியில் நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டார். மனைவி கஸ்தூர்பாயின் நகைகளை விற்றால் 2,000, 3,000 தேறும் என்றுகூட எண்ணினார். கடைசியில் அண்ணன் லட்சுமிதாஸ் பணம் திரட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டார். தாயார் புத்லிபாய், மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டே விடை கொடுத்தார்.

பம்பாயில் இன்னொரு தடை காத்திருந்தது. கடல் கடந்து போவது சாதிக் கட்டுக்கு விரோதம் என்று சாதிப் பஞ்சாயத்தார் கூடி அவரைத் தள்ளி வைத்தனர். அவருக்கு உதவி செய்பவருக்கும், துறைமுகம் வரை வழியனுப்பப் போகிறவருக்கும் 1 ரூபாய் 4 அணா அபராதம் என்றும் தீர்ப்பாயிற்று. அண்ணன் கொடுத்து வைத்த பணத்தைக் கையில் வைத்திருந்த மைத்துனர், சாதிக்குப் பயந்து அதைக் கொடுக்க மறுத்துவிட்டார். பையன் மனம் தளரவில்லை. ஒரு குடும்ப நண்பரிடம் கைமாற்றாக வாங்கி, அதை அண்ணனிடம் வசூல் செய்துகொள்ளச் சொல்லிவிட்டு, 1888 செப்டம்பர் 4-ல் கப்பல் ஏறினார். ஊரிலே இளம் மனைவியும் சில மாதக் கைக்குழந்தையும் இருந்தார்கள். சபர் போன குடும்பங்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டுமா?

லண்டனில் அவர் இறங்கிய ஹோட்டலில் கொடுத்த பில் 3 பவுன். சாப்பாடோ வாய்க்கு ஒத்துவரவில்லை. ஒன்றை வாங்கி, பிடிக்காமல் இன்னொன்றை வாங்கினால் இரண்டுக்கும் காசு. அங்கிருந்து வாடகை அறைக்கும், பிறகு ஒரு நண்பர் வீட்டுக்கும், அதன்பின் மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மையார் வீட்டுக்கும் மாறினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மற்ற இரண்டு வேளையும் கீரை, ரொட்டி, ஜாம். இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கேட்கக் கூச்சம். வயிறு காயக் காய, மலிவான சாப்பாட்டுக் கடை தேடித் தினம் 10, 12 மைல் நடந்தார். அப்படி அலைந்தபோதுதான் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவுச்சாலை ஒன்று கண்ணில் பட்டது. சீமைக்கு வந்தபின் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான். ஹலால் உணவு தேடி அந்நிய ஊர்த் தெருக்களில் அலைந்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சியின் அளவு தெரியும்.

இதன்பின் வந்த 3 மாதத்தைப் பற்றி அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மரக்கறி உண்பதால் தம்மை நாகரிகமற்றவன் என்று நினைப்பார்களோ என்று அஞ்சி, வெள்ளைக்காரக் கனவானாகவே மாறிவிடத் துணிந்தார். பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு மாலை உடுப்பு. 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி. அண்ணனுக்கு எழுதித் தங்கத்தில் இரட்டைக் கடிகாரச் சங்கிலி. கண்ணாடி முன் கழுத்துப்பட்டை கட்டவும் தலை வாரவும் தினம் 10 நிமிஷம். நடனம் கற்க ஒரு தவணைக்கு 3 பவுன் கட்டி, 6 பாடம் ஆகியும் தாளத்துக்குக் கால் போகவில்லை. காதைப் பழக்குவோம் என்று 3 பவுனுக்கு ஒரு வயலின் வாங்கினார். பேச்சுக் கலை கற்றுக்கொடுக்க வந்தவருக்கு 1 கினி. எலியைப் பிடிக்கப் பூனை, பூனைக்குப் பாலுக்காகப் பசு என்று போன சந்நியாசி கதையாகத் தம் ஆசையும் வளர்ந்தது என்கிறார். திடீரென்று ஒருநாள் கண் திறந்தது. வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்திலா இருக்கப் போகிறோம், வந்தது படிக்க அல்லவா என்று எண்ணி, ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதி நிறுத்திவிட்டு, வயலினை விற்கவும் ஏற்பாடு செய்தார். உடுப்பில் ஒழுங்கு மட்டும் பல வருஷம் நீடித்தது.

அந்த ஆட்டம் நடந்த நாட்களிலும் ஒரு பழக்கத்தை அவர் விடவில்லை. பஸ் கூலி, தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த செப்புக்காசு உள்படச் செலவான ஒவ்வொரு பார்த்திங்கையும் எழுதி, இரவு படுக்கப் போகுமுன் இருப்புக் கட்டிவிடுவார். அடியேனுக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுவே. கல்லா கட்டும்போது இருப்பு இடித்தால் தூக்கம் வராது என்பதைக் கடை வைத்திருப்பவன் அறிவான். ஆனால் வருமானமே இல்லாத மாணவர், அண்ணன் அனுப்பும் பணத்துக்கு இத்தனை பயபக்தியோடு கணக்கு வைத்தார்!

கணக்கைப் பார்த்ததும் செலவைப் பாதியாக்க முடிவு செய்தார். குடும்பத்தோடு தங்கினால் வாராவாரம் பணம் கட்டவேண்டும். அந்த வீட்டாரை எப்போதாவது விருந்துக்கு வெளியே அழைத்துப் போவதும் மரியாதை. வண்டிக் கூலி வேறு. ஆகவே வேலை உள்ள இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகக்கூடிய தூரத்தில் தனி அறை பார்த்தார். வண்டிக் கூலி மிச்சம். தினம் 8, 10 மைல் நடை. சீமையில் நோய் அண்டாததற்கு அந்த நடையே காரணம் என்று அவர் நம்பினார்.

பிறகு, தம்மைவிட ஏழையான மாணவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். சேரிப் பகுதியில் வாரம் 2 ஷில்லிங் அறையில் இருந்துகொண்டு, ஒரு வேளைக்கு 2 பென்ஸ் கொக்கோவும் ரொட்டியும் தின்று படித்தவர் ஒருவர் இருந்தார். அந்த அளவுக்கு இறங்க மனம் துணியாவிட்டாலும், இரண்டு அறையை ஒன்றாக்கி, ஒரு அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும், இரவில் ரொட்டியும் கொக்கோவும் தாமே தயார் செய்தார். பகல் சாப்பாடு மட்டும் வெளியே. நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் சாப்பாடு முடிந்தது. அதாவது 15 பென்ஸ். முதலில் ஹோட்டலுக்குக் கொடுத்த 3 பவுன், இந்தக் கணக்குப்படி 48 நாள் சாப்பாடு. பாண்ட் தெரு உடுப்பு 160 நாள் சாப்பாடு. சட்டப் பரீட்சைக்கு நடுவே கிடைத்த ஓய்வில் லண்டன் மெட்ரிகுலேஷனும் எழுதினார். அதற்குப் பெரிய செலவு இல்லை என்பதும் ஒரு காரணம். முதல் தடவை லத்தீனில் தோற்று, மறு தடவை தேறினார்.

பாரிஸ் பயணத்தையும் இதே முறையில்தான் செய்தார். அங்கே 1889-ல் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. (சுயசரிதையில் 1890 என்று இருப்பது நினைவுப் பிசகு.) அங்கேயும் ஒரு மரக்கறி உணவுச்சாலை இருப்பதாகக் கேட்டறிந்து, அங்கேயே அறை எடுத்து 7 நாள் தங்கினார். நகரப் படம் ஒன்று, பொருட்காட்சிப் படம் ஒன்று. இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றிப் பார்த்தார். புதிதாக எழும்பியிருந்த ஈபெல் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். அதன் முதல் தட்டில் இருந்த உணவுச்சாலையில், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே 7 ஷில்லிங் செலவழித்தார். ஐந்தரை நாள் சாப்பாட்டுக் காசு ஒரே வேளையில் போயிற்று! சிக்கனக்காரருக்கும் இப்படி ஒரு நாள் வரும் போலும். கோபுரத்தில் அழகு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நாத்ருதாம் தேவாலயத்தின் சிற்ப வேலைப்பாடும் அங்கே மண்டியிட்டவர்களின் பக்தியும் மனத்தில் தங்கின.

இந்த நாட்களில் ஒரு நண்பரின் யோசனைப்படி கார்லைல் எழுதிய நூலில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய அத்தியாயத்தையும் படித்தார். பெருமானாரின் வீரத்தையும் எளிய வாழ்வையும் அதில் அறிந்ததாகக் குறித்திருக்கிறார்.

1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆகி, 12-ந் தேதியே கப்பல் ஏறினார். பம்பாயில் இறங்கியபின்தான் தாயார் காலமான செய்தியைச் சொன்னார்கள்; படிப்புக் கெடும் என்று அண்ணன் மறைத்து வைத்திருந்தார். அதன்பின் தொழிலும் ஓடவில்லை. பம்பாயில் 30 ரூபாய்க்கு எடுத்த முதல் வழக்கிலேயே எழுந்து நின்றவருக்கு வாய் வரவில்லை; உட்கார்ந்துவிட்டார். அண்ணன் போட்ட முதல் என்ன ஆகும் என்று அஞ்சவேண்டிய நிலைமை.

அவ்வேளையில் கைகொடுத்தவர்கள் முஸ்லிம் வியாபாரிகள். போர்பந்தர் மேமன்களான தாதா அப்துல்லா கம்பெனியார் டர்பனில் பெரிய வியாபாரம் நடத்தினர். பிரிட்டோரியாவில் இருந்த தைப் சேட் என்னும் உறவினர் மீது 40,000 பவுன் வழக்கு. அதைக் கவனிக்க ஒரு வருஷத்துக்குப் போகவரக் கப்பல் செலவும் 105 பவுனும் பேசிக் காந்தியை அழைத்தார்கள். 1893-ல் போனார். அப்துல்லா சேட்டுக்கு ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லை. எனினும் வெள்ளைக்கார வங்கிக்காரரோடு பேசிக் காரியம் முடிக்கும் திறமை இருந்தது. வழக்கோ முழுக்க முழுக்கப் பேரேட்டுக் கணக்கும் பிராமிசரி நோட்டும். பாரிஸ்டருக்குப் பற்று வரவு முறை தெரியாது. கணக்கியல் புத்தகம் ஒன்று வாங்கிப் படித்து, சீட்டுச் சீட்டாகப் புரட்டி, வழக்கின் உயிர் எங்கே இருக்கிறதென்று கண்டுகொண்டார்.

இரு தரப்பு வக்கீல் செலவும் ஏறுவதைக் கண்டு, மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். தாதா அப்துல்லா வென்றார். ஆனால் 37,000 பவுனையும் செலவையும் தைப் சேட் ஒரே தடவையில் கட்டினால் கடை மூழ்கிவிடும். திவாலாவதைவிடச் சாவதே மேல் என்பது அந்நாட்டு மேமன்களின் எழுதாத சட்டம். நீண்ட தவணைக்கு அப்துல்லா சேட்டை இணங்கவைப்பது, மத்தியஸ்தத்துக்கு இணங்கவைத்ததைவிடக் கடினமாக இருந்தது. முடிவில் அவர் இணங்கினார். இரு சேட்மார்களின் மதிப்பும் ஊரில் உயர்ந்தது. ஒரு வருஷத்துக்கென்று போன பாரிஸ்டர் 1914-ல்தான் அந்த நாட்டைவிட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார்.