எண்களுக்கு அப்பால் கண்ட ஏடா

எமது பாடசாலைக் கணினி அறையில் இன்று அமரும் தங்கைமார் பலருக்கு, கணினி வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் பெயர் நிற்பது தெரியாதிருக்கலாம். அவர்தான் ஏடா லவ்லேஸ்.

1815 டிசெம்பர் 10 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தை ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. குழந்தைக்கு ஒரு மாதமானபோது பெற்றோர் பிரிந்தனர். சில மாதங்களில் நாட்டைவிட்டுச் சென்ற பைரன் திரும்பி வரவேயில்லை. தந்தையின் கட்டற்ற போக்கு மகளுக்கும் வந்துவிடுமோ என அஞ்சிய தாய் அனபெல்லா, வீட்டிலேயே கணிதமும் விஞ்ஞானமும் கற்க ஏற்பாடு செய்தார். 13 வயதில் சின்னமுத்து கண்டபின் ஏடாவின் கால்கள் செயலிழந்தன. நெடுநாள் படுக்கையில் கிடந்து, ஊன்றுகோலின் துணையுடனேயே மீண்டும் நடந்தார்.

இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்காத காலம் அது. 1833 இல், 17 வயதில், கணித அறிஞர் சாள்ஸ் பாபேஜைச் சந்தித்து, பற்சில்லுகளால் கணக்கிடும் அவரது பொறியின் ஒரு பகுதியைப் பார்த்தார். 1835 இல் திருமணமாகி மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பின்னரும், பேராசிரியர் டி மோர்கனிடம் கடிதங்கள் மூலம் உயர்கணிதம் கற்றார்.

பாபேஜ் அடுத்துத் திட்டமிட்டது பகுப்பாய்வுப் பொறி. நெசவுத்தறியில் கோலங்களை அமைக்கப் பயன்பட்ட துளை அட்டைகளே அதற்குக் கட்டளையிட இருந்தன. அதுபற்றி இத்தாலியரான மெனப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை ஏடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமான குறிப்புகளையும் சேர்த்தார். 1843 இல் அது வெளிவந்தது. பெர்னூலி எண்களைப் பொறி படிப்படியாகக் கணிக்கும் முறை அதில் இருந்தது. முதலாவது கணினிச் செய்நிரல் என அதைப் பலர் போற்றுவர். பாபேஜும் முன்னரே சில கணிப்பு முறைகளை எழுதி வைத்திருந்ததால் இதில் கருத்து வேறுபாடு உண்டு.

எம்மைப் பொறுத்தவரை ஏடாவின் பெருமை வேறிடத்தில் உள்ளது. எண் என்பது வேறொன்றின் குறியீடாகவும் இருக்கலாம், ஆகவே அப்பொறியால் இசையைக்கூட அமைக்க முடியும் என அவர் கண்டார். பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் இடும் கட்டளையையே செய்யும் எனவும் எச்சரித்தார். 1950 இல் அலன் டூரிங் இக்கருத்தை அவர் பெயராலேயே குறிப்பிட்டு விவாதித்தார்.

வைத்தியர்களான நாம் இதன் பலனை நாளாந்தம் காண்கிறோம். சீ.ரீ. ஸ்கான் பொறியில், உடலினூடாக வரும் எக்ஸ் கதிர்களின் அளவுகள் எண்களாகவே கணினியைச் சேர்கின்றன. அவ்வெண்களே திரையில் ஈரலாகவும் நுரையீரலாகவும் தெரிகின்றன.

அந்த வசதி ஏடாவுக்குக் கிட்டவில்லை. பாபேஜின் பொறி முழுமையாகக் கட்டப்படவேயில்லை. குதிரைப் பந்தயத்தில் பணம் இழந்து கடன்பட்ட அவரைக் கருப்பைப் புற்றுநோயும் வாட்டியது. உடலைத் திறக்காமல் உள்ளே பார்க்க வழியில்லாத அந்நாளில், குருதியை வடிப்பதும் அபின் கலந்த மருந்து கொடுப்பதுமே வைத்தியமாக இருந்தன. 1852 நவம்பர் 27 இல், தந்தை இறந்த அதே 36 வயதில் காலமானார். நினைவறியத் தாம் கண்டிராத அத்தந்தையின் அருகிலேயே, தம் விருப்பப்படி, ஹக்னோல் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1843 இல் வெளிவந்த குறிப்புகளின் கீழே அவரது முழுப்பெயர் இல்லை. மூன்று முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. ஏறத்தாழ 135 ஆண்டுகளின் பின்னர் ஒரு கணினி மொழிக்கே ஏடா எனப் பெயரிட்டார்கள். அவருக்கு வாய்க்காத வகுப்பறை எமக்கு வாய்த்தது. அதிலிருந்து வெளிவரும் தங்கைமாரே, செய்யும் வேலையின் கீழ் உங்கள் முழுப்பெயரையும் எழுதுங்கள்.