நடுங்கிய கையைக் கவனித்தவர்



நம்ம டிராயிங் ஹாலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் போர்டில் எழுத ஆரம்பிக்கும்போது எழுத்து பெரிதாக இருக்கும். வரி முடிவதற்குள் எறும்பு மாதிரி சிறுத்துவிடும். சும்மா நிற்கும்போதும் வலது கை மாத்திரை உருட்டுவது போல ஆடிக்கொண்டே இருக்கும். கடைசி பெஞ்சில் நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரித்தோம். அது பார்க்கின்சன் நோய் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. யார் இந்த பார்க்கின்சன் என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755 ஏப்ரல் 11 அன்று லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். அப்பாவைப் போலவே மருத்துவத் தொழிலுக்கு வந்து, அந்த வட்டாரத்து மக்களுக்கே வைத்தியம் பார்த்தார். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. அரசியல் சீர்திருத்தம் கேட்டு 'ஓல்ட் ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1794-ல், மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் கொல்லச் சதி செய்ததாக நண்பர்கள் கைதானபோது, பிரிவி கவுன்சில் முன் துணிந்து சாட்சி சொன்னார். புதைபடிவங்கள் மீதும் தீராத ஆசை. 1807-ல் லண்டன் நிலவியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அறுபதைத் தாண்டிய பிறகு, 1817-ல்தான் நடுக்குவாதம் பற்றிய அந்தச் சின்னப் புத்தகம் வந்தது. மொத்தம் 66 பக்கம், ஆறே நோயாளிகள். அதிலும் சிலர் தெருவில் தற்செயலாகக் கண்ணில் பட்டவர்கள்! ஓய்வில் இருக்கும்போதே நடுங்கும் கை, முன்னால் வளையும் உடல், ஓட்டமாக மாறும் நடை என்று எல்லாவற்றையும் குறித்தார். கோளாறு கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கலாம் என்பது அவர் யூகம். அது உறுதியில்லை என்று ஒத்துக்கொண்டு, உடற்கூறு ஆராய்பவர்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். யூகம் தப்புதான், கேட்டது சரி.

1824 டிசம்பர் 21 அன்று அவர் இறந்தார். பின்னாளில் பிரான்ஸின் ஷார்கோதான் நோய்க்கு அவர் பெயரை வைத்தார். 1912-ல் ஜெர்மனியின் லூயி, நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் சிறு உருண்டைகளைக் கண்டார். அவை என்ன என்று தெரிய 1997 ஆயிற்று. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம், தப்பாக மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானவை அவை! அதே ஆண்டு, இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்கள் சிலவற்றில் அந்தப் புரதத்தின் மரபணுவிலேயே பிழை பிடிபட்டது. 140 அமினோ அமிலங்களில் 53-வது மட்டும் மாறியிருந்தது.

2003-ல் வந்த செய்தி நம் போன்ற இன்ஜினியர்களை யோசிக்க வைக்கும். ஒரு குடும்பத்தில் டிராயிங்கில் பிழையே இல்லை. மரபணுவின் பிரதிகள் மட்டும் இரண்டுக்குப் பதில் நான்கு. சரியான சரக்குதான், அளவுக்கு மிஞ்சி உற்பத்தியானதே நோயாகிவிட்டது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இப்படி ஒற்றை மரபணுக் கோளாறு கிடையாது. ஆனாலும் கட்டியாவது அதே புரதம்தான். லூயி உருண்டை மறதி நோயிலும் அதே கதை. மருந்துகள் அறிகுறியைத் தணிக்கின்றன. நோயை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை.

பார்க்கின்சனின் உறுதியான படம் ஒன்றுகூட இன்று இல்லை. அவர் பிறந்த நாள்தான் உலக பார்க்கின்சன் தினம். தெருவில் போன முன்பின் தெரியாதவரின் நடுக்கத்தை நின்று கவனித்தார் அவர். தினமும் எதிரே நின்ற ஆசிரியரை நாங்கள் கவனிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் இல்லை. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்களாவது சிரிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் பாருங்கள்.